கயிற்றின் இந்தப் பக்கம்

பிப்ரவரி 4

என் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, வீட்டில் எல்லாரும் நல்லபடியாகத்தான் இருக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி வந்து வந்து போகிறது. அவருடைய பிடிவாதம்தான் வந்த இடத்திலேயே தங்கிவிட்டது. உனக்கு இருமல் விட்டதா? போன வாரம் போனில் இருமினாய். கேட்டால் "தூசி" என்றாய்.

போனில் நம் பேச்சு "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்பதைத் தாண்டுவதில்லை. அதனால்தான் பேப்பரை எடுத்தேன்.

புது வருஷம் பிறந்ததிலிருந்து, காலையில் நம் மூக்குக்கண்ணாடிக் கடையைத் திறப்பதற்கு முன் ஏரிக்குப் போகிறேன். நடப்பதற்கு இல்லை, ஸ்கீ செய்ய. சிரிக்காதே. கல்யாணமான புதிதில் நானும் உன் அப்பாவும் காலுக்கு ஒரு பலகையாக மாட்டிக்கொண்டு, படகு இழுக்கக் கயிற்றைப் பிடித்தபடி அந்த ஏரியைச் சுற்றி வந்தவர்கள்தான். நீ வயிற்றில் வந்ததும் விட்டது. இப்போது ஒற்றை ஸ்கீயில் இரண்டு காலையும் முன்னும் பின்னுமாக வைத்து நிற்கப் பழகுகிறேன். முதலில் ஏரியில் பாதியைக் குடித்தேன். மீதிப் பாதியில் இப்போது நிற்கிறேன்.

சொல்லிக் கொடுப்பவர் நீயும் உன் தம்பி சின்னவனும் 'அலாரம்' என்று பெயர் வைத்தீர்களே, அவரேதான். கத்துவது கொஞ்சமும் குறையவில்லை. "அக்கா, முட்டிய மடக்குங்க! இடுப்பு பின்னாடி போகுது பாருங்க! நாற்காலியில உக்கார வரலை நீங்க!"

எத்தனையோ வருஷம் கரையில் நின்று பார்த்த பந்தயம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. படகு நடுவில் நேராகப் போகிறது. வாசல் மாதிரி இரண்டு மிதவைக்கு நடுவே நுழைந்தால், அதற்குப் பிறகு வலது, இடது என்று மாறி மாறி ஆறு மிதவைகள். படகின் பின்னால் குறுக்கே குறுக்கே பாய்ந்து, ஒவ்வொன்றையும் வெளிப்பக்கமாகச் சுற்றி வரவேண்டும். எனக்கு வாசலே இன்னும் பிடிபடவில்லை.

சின்னவனின் ஸ்கீயைத்தான் பரணிலிருந்து இறக்கி எடுத்துப் போகிறேன். அவன் போய் மூன்று வருஷம் ஆகியும் அதன் பூட்ஸுக்குள் மணல் இருந்தது. அந்த ஸ்கீ என் பேச்சைக் கேட்பதே இல்லை. திரும்பு என்றால் நேராகப் போகிறது. உடம்பு எடையை எந்தக் காலில் போடுவது? அவனுக்கு அத்தனை நாள் படகு ஓட்டியவள் நீ. வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?

வேளைக்குச் சாப்பிடு.

அம்மா


பிப்ரவரி 27

அம்மா,

கடிதம் கிடைத்தது. இருமல் போய்விட்டது. அப்பாவை முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் போடச் சொல்.

அந்த ஸ்கீயை இனி தண்ணீருக்குக் கொண்டு போகாதே. நான் வேறெதற்கும் சொல்லவில்லை. அது உன் ஸ்கீ இல்லை, அவ்வளவுதான். உன்னைவிட எவ்வளவோ கனமான ஆளுக்கு, நீ போகும் வேகத்தைப் போல ஒன்றரை மடங்கு வேகத்துக்குச் செய்தது. குறுகல், கடினம். மெதுவாகப் போனால் அமிழும், திரும்பாது. உன் எடையையும் படகின் வேகத்தையும் கடைக்காரரிடம் சொல். கொஞ்சம் அகலமான, மெத்தென்று வளைகிற ஸ்கீயாகக் கேள். "போட்டிக்காரங்க வாங்குறது" என்று பளபளப்பாக ஒன்றை நீட்டுவார். வேண்டாம் என்று சொல்.

முன்காலுக்கு பூட்ஸ். இறுக்கமாக இருக்கவேண்டும், வலிக்கக்கூடாது. குதிகால் உள்ளே தூக்கினால் அடுத்த அளவைப் பார். பின்காலுக்கு பூட்ஸ் வேண்டாம், வார் போதும்.

கைப்பிடி வாங்கும்போது, கயிறு இரண்டாகப் பிரிகிற அந்த முக்கோணத்தை வலையால் மூடியதாகப் பார்த்து வாங்கு. கை உள்ளே நுழைய முடியாது. வலை இல்லாத கைப்பிடியை யார் கொடுத்தாலும் தொடாதே. அலாரம் கொடுத்தாலும்.

இங்கே வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

பாப்பா


மார்ச் 15

பாப்பாவுக்கு,

உடம்பு தேறியது கேட்டு நிம்மதி. ஒத்தடத்தை அப்பாவிடம் சொன்னேன். "அவளே வந்து போடட்டும்" என்றார். 

நீ சொன்னது சொன்னபடியே நடந்தது. கடைக்காரர் கறுப்பாக, கத்தி மாதிரி ஒன்றை எடுத்து வந்து, "போட்டிக்குப் போறவங்க எல்லாம் இதத்தான் கேக்கறாங்க" என்றார். "நான் போட்டிக்குப் போறவ இல்ல, தண்ணில விழப் போறவ" என்றேன். மனுஷன் சிரித்துவிட்டு, உள்ளேயிருந்து அகலமான ஒன்றைக் கொண்டுவந்தார். போன வருஷத்து மாடலாம். நிறம் கண்ணுக்கு அவ்வளவு நன்றாக இல்லை. எடுத்துக்கொண்டேன். முன்காலுக்கான பூட்ஸை மட்டும் ஆறேழாவது மாட்டிப் பார்த்திருப்பேன். மூக்குக்கண்ணாடி மாட்டிப் பார்க்க வருகிறவர்கள் என் பொறுமையைச் சோதிப்பது போல நான் அவரைச் சோதித்தேன்.

கைப்பிடியில் வலை இருக்கிறது. விரலை விட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன்.

புது ஸ்கீயில் எழுந்த முதல் நாளே தெரிந்துவிட்டது. லேசாகச் சாய்ந்தாலே போதும், அது திரும்புகிறது. இத்தனை நாள் நான் தப்பு செய்கிறேன் என்று நினைத்ததில் பாதி என் தப்பே இல்லை. சின்னவனுடையதைத் துடைத்து, உறையில் போட்டு, மறுபடி பரணில் வைத்தாயிற்று.

வாசலுக்குள் நுழையும்போது நெஞ்சு அடைக்கிறது. கையை உடம்பிலிருந்து தூரமாக நீட்டிவிடுகிறேன், கயிறு என்னை இழுத்துக்கொண்டு போகிறது. என்ன செய்ய வேண்டும்?

தலைமுடியை எண்ணெய் வைத்து வாரு.

அம்மா


ஏப்ரல் 6

அம்மா,

நான் நன்றாக இருக்கிறேன். அறையில் கூட இருக்கிறவள் ஊருக்குப் போயிருப்பதால் கொஞ்சம் அமைதி. லாரிக் கம்பெனியில் என்னை ஜன்னலோர மேசைக்கு மாற்றியிருக்கிறார்கள். இரண்டு போன், ஒரு பெரிய வரைபடம். எந்த வண்டி எந்த ரோட்டில் போகவேண்டும் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஓட்டுநர்கள் என்னை 'மேப்பு' என்று கூப்பிடுகிறார்கள்.

வாசலைப் பற்றிக் கேட்டிருந்தாய். நெஞ்சு அடைப்பது தாமதமாகக் கிளம்புவதால். வாசல் வருவதற்கு வெகு முன்பே படகுக்கு இடதுபக்கம் நன்றாக விலகிப் போய்விடு. அங்கே உயரமாக நின்று, கொஞ்ச நேரம் சும்மா வழுக்கிக்கொண்டு போ. எல்லாரும் அந்தச் சும்மாவில்தான் அவசரப்படுவார்கள். பிறகு நிதானமாகத் திரும்பி வாசலுக்குள் வா. கைப்பிடி இடுப்பை ஒட்டி இருக்கட்டும், கையால் இழுக்காதே. கை இழுத்தால் தோள் போகும், உடம்பு சாய்ந்தால் படகே உனக்காக இழுக்கும். எடை முன்காலில். பின்காலில் ஏறி உட்கார்ந்தாயானால் ஸ்கீ பிரேக் போட்ட மாதிரி நிற்கும்.

மிதவையைப் பார்க்காதே. இது முக்கியம். பார்த்தால் அதன் மேலேயேதான் போவாய். அதற்கு முன்னால் இருக்கிற வெறும் தண்ணீரைப் பார்த்துத் திரும்பு. ஒரு மிதவை தவறிவிட்டால் விட்டுவிடு. அடுத்ததைத் துரத்தாதே, படகு உனக்காக நிற்கப் போவதில்லை.

ஸ்கீயின் அடியில் இருக்கிற ஃபின் தகட்டைக் கடையில் வைத்தபடியே வை. அலாரம் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தால் ஸ்கீயைத் தூக்கிக்கொண்டு ஓடு. ஒருமுறை அவர் முடுக்கிவிட்டு, சரிசெய்ய எங்களுக்கு ஒரு வாரம் ஆனது.

எழுத ஆரம்பித்தால் கை நிற்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கவேண்டும். எதற்காக அம்மா இது? இந்த வயதில், அந்தத் தண்ணீரில்?

பாப்பா


மே 9

பாப்பாவுக்கு,

நீ எழுதியதைக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். அப்பா பல் தேய்க்கும்போதெல்லாம் படிக்கிறார். அவருக்கு இப்போது என்னைவிட நன்றாகத் தெரியும். மற்றபடி வீட்டில் குறையில்லை, நீ அங்கே தனியாக இருப்பதுதான் குறை.

இரண்டு மிதவை சுற்றிவிட்டேன்! மூன்றாவதை ஒருமுறை தொட்டேன், சுற்றவில்லை. உள்ளங்கையெல்லாம் கொப்புளம். நேற்று ஒரு அம்மாவுக்கு ஃபிரேம் மாட்டிவிடும்போது என் கையைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்கு ஆள் வச்சுக்கக் கூடாதாம்மா?" என்று பரிதாபப்பட்டார்.

அப்பா இப்போது ஏரிக்கு வருகிறார். துண்டை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியைத் தண்ணீருக்கு முதுகு காட்டிப் போட்டு உட்காருகிறார். ரோட்டைப் பார்த்தபடி. நான் கரையேறியதும் திரும்பாமலேயே துண்டை நீட்டுவார். வராமலும் இருக்க முடியவில்லை அவரால்.

எனக்குச் சில விஷயம் தெரியவேண்டும். படகு ஓட்டுபவருக்குப் பின்னால் வருகிற ஆள் எவ்வளவு தெரிவார்? மேலே இருக்கிற அந்தக் கண்ணாடியில் முழு ஆளும் தெரியுமா? கயிறு தளர்ந்தால் ஸ்டீயரிங்கில் தெரியுமா? தெரிந்தால் உடனே வேகத்தைக் குறைக்க முடியுமா?

வெயிலில் அலையாதே.

அம்மா


ஜூன் 22

பாப்பாவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று போனில் சொன்னாய், நம்புகிறேன். கடிதம் வந்ததா என்றேன். "வந்துச்சு, லைன் சரியில்ல" என்று வைத்துவிட்டாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. உன் பக்கத்து மேசையில் போன் அடிப்பதுகூட எனக்குக் கேட்டது.

நான் கேட்டதற்குப் பதில் எழுதவேண்டாம். அதை விட்டுவிடு.

அக்டோபரில் ஏரியில் போட்டி. புதியவர்கள் பிரிவில் என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். அப்பா நலம்.

அம்மா


ஜூலை 3

அம்மா,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

விடச் சொன்னாய். விட முடியவில்லை. நீ கேட்டதையெல்லாம் சின்னவன் இறந்தபிறகு நடந்த விசாரணையில் என்னிடம் கேட்டார்கள். அதே வரிசையில். அன்று சொன்னதையே உனக்கும் எழுதுகிறேன்.

கண்ணாடியில் ஆள் தெரிவார், படகுக்கு நேர் பின்னால் இருக்கும்போது. மிதவையைச் சுற்ற வெளியே போனதும் மறைந்துவிடுவார். ஓட்டுகிறவள் முன்னால்தான் பார்க்கவேண்டும். படகு கொஞ்சம் விலகினாலும் கயிற்றில் இருப்பவருக்கு ஆபத்து. பின்னால் பார்க்கத்தான் படகில் இன்னொருவர் உட்காருகிறார். அவர் சொல்லச் சொல்ல நான் செய்யவேண்டும். கயிறு தளர்ந்தால் தெரியும். படகு லேசாகும். அவன் நான்காவது மிதவையைச் சுற்றியபோது லேசானது. பின்னால் இருந்தவர் "தளருது" என்று சொல்லி முடிப்பதற்குள் கயிறு விறைத்து இழுத்துவிட்டது. அவன் கை அந்த முக்கோணத்துக்குள் போயிருந்தது. வேகத்தைக் குறைக்க நான் த்ராட்டிலை முழுக்கப் பின்னால் இழுத்தேன். எப்போது இழுத்தாய் என்று கேட்டார்கள். உடனே என்றேன். உடனே என்றால் எவ்வளவு நேரம் என்று கேட்டார்கள்.

அவர்கள் கேட்டது எனக்கு வலிக்கவில்லை. அது அவர்கள் வேலை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ கேட்டாய். "நீ திரும்பிப் பாத்தியா?" என்று. நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது டாக்டர் வெளியே வந்தார். அதற்குப் பிறகு நீ கேட்கவே இல்லை. சாப்பிட்டியா என்று கேட்டாய், தூங்கினியா என்று கேட்டாய், வேலை கிடைச்சுதா என்று கேட்டாய். நான் ஊரைவிட்டுக் கிளம்பும்போது பையில் போர்வை வைத்தாய். அந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை.

எதற்காக ஏரிக்குப் போகிறாய் என்று ஏப்ரலில் கேட்டேன். நீ சொல்லவில்லை. நானே சொல்கிறேன். என்னை நம்பலாமா என்று தெரிந்துகொள்ளத்தான் கயிற்றைப் பிடித்தாய். இல்லையென்றால் இல்லை என்று எழுது.

பாப்பா


ஆகஸ்ட் 20

என் பாப்பாவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் உண்டு. கையைத் தூக்கினால் விலா வலித்தது. இப்போது பரவாயில்லை. எலும்பு முறியவில்லை, லேசான கீறல்தான் என்று படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். நீ பதறவேண்டாம். அப்பா போனில் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன், அவர் நான் சொல்லியிருப்பேன் என்று நினைத்தாராம்.

உன் கடிதம் வந்த வாரம் நடந்தது. மூன்றாவது மிதவை. நீ பார்க்காதே என்றாய், நான் அதையே பார்த்துக்கொண்டு திரும்பினேன். தாமதம். அந்தத் தாமதத்தைச் சரிக்கட்ட உடம்பை ஒடித்துத் திருப்பினேன். ஸ்கீ படகை நோக்கி ஓடியது, கயிறு தளர்ந்து என் கண் முன்னால் தண்ணீரில் வளைந்து கிடந்தது. 'அடடா, தளர்ந்துவிட்டதே' என்று நினைத்தேன் என்று எழுதப் போனேன், அது பொய். நினைக்க ஆரம்பித்தேன். அதற்குள் இழுத்துவிட்டது. கை அந்த வலையில் இடித்து வழுக்கி வெளியே வந்தது. நான் தண்ணீரில் பக்கவாட்டில் போய் விழுந்தேன்.

லைஃப் ஜாக்கெட் என்னை மல்லாத்திப் போட்டது. மூச்சு வரும்வரை அப்படியே கிடந்தேன். தூரத்தில் படகு. அதை ஓட்டிய அலாரத்தின் முதுகு. அவர் அப்போதும் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு கணம் அவர் வேறு எதையும் செய்திருக்க முடியாது. கயிறு தளர்ந்தது என்னால். இழுத்ததும் என்னால்தான், நான் கைப்பிடியை விடாததால். இரண்டுக்கும் நடுவே இன்னொருவர் வந்து எதையாவது செய்ய இடமே இல்லை, பாப்பா. நான் அங்கே இருந்தேன். அப்படி ஒரு இடம் இல்லை.

விசாரணை முடிந்ததும் ஒரு தாள் கொடுத்தார்கள், 'ஓட்டியவரிடம் பிழை இல்லை' என்று. அதை நான் எத்தனை முறை படித்திருப்பேன்! ஒவ்வொரு முறையும் அது காகிதமாகவே இருந்தது. அன்று தண்ணீரில் கிடந்தபோதுதான் அது உடம்புக்குள் இறங்கியது.

நீ கேட்டதற்குப் பதில், ஆமாம். அதற்குத்தான் போனேன். முதல் நாள் படகில் ஏறும்போது எனக்கே அது தெரியாது. அவன் எதைத் தேடி விடியற்காலையில் ஓடினான் என்று பார்க்கத்தான் போகிறேன் என்று நினைத்தேன். மே மாதம் அந்தக் கேள்விகளை உனக்கு எழுதி, கவரை ஒட்டியபோது தெரிந்துவிட்டது. தெரிந்தும் தபாலில் போட்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். "அவ மேல எந்தத் தப்பும் இல்லங்க" என்றேன். சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தவர் பொத்தானில் கையை வைத்தபடியே நின்றார். "உனக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்றார். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றேன். "அவ ஓட்டி நான் எத்தன நாள் பாத்திருக்கேன். எனக்குத் தெரியாதா?" "அப்ப ஏங்க எங்கிட்ட சொல்லல? அவகிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"  பொத்தானைத் தப்பான ஓட்டையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நீ என்ன எழுதினாலும் படிப்பேன். எழுதாவிட்டாலும் உன்மேல் வருத்தமில்லை.

அம்மா


செப்டம்பர் 12

அம்மா,

முதலில் விலா. வலி முழுக்க நின்றபிறகும் கொஞ்ச நாள் பொறு. ஆழமாக மூச்சிழுத்துப் பார், தும்மிப் பார். குத்தினால் தண்ணீருக்குப் போகாதே. போட்டி அடுத்த வருஷமும் வரும்.

உன் கடிதத்தை வேலைக்கு எடுத்துப் போனேன். அதை நினைத்துக்கொண்டே ஒரு வண்டிக்கு வழி சொன்னேன். இடிந்துபோன பாலத்துக்கு அனுப்பியிருக்கிறேன். ஓட்டுநர் கூப்பிட்டு, "என்ன மேப்பு, ஆத்துக்குள்ளயே எறக்கிடவா?" என்றார். சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தேன், அப்புறம் அது அழுகையாகிவிட்டது. பக்கத்து மேசைக்காரி என் இரண்டு போனையும் அவள் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். உன்மேல் மட்டும் இல்லை, தெரிந்தும் வாயைத் திறக்காத அப்பாமேல் இன்னும் அதிகம். என் பக்கம் ஒரு ஆள் வீட்டிலேயே இருந்திருக்கிறார், எனக்குத்தான் தெரியவில்லை. அவரிடம் இதை அப்படியே வாசித்துக் காட்டு.

ஆனால் நீ 'ஆமாம்' என்று எழுதினாய். மழுப்பியிருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது.

திரும்பும்போது இடுப்பை உடைக்காதே. தாமதமானால் தாமதம்தான், அகலமாகச் சுற்றிவிட்டு அடுத்ததை விட்டுவிடு. கயிறு தளர்ந்தது தெரிந்தால் கைப்பிடியை விடு. பிடித்து வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

பாப்பா


அக்டோபர் 17

பாப்பாவுக்கு,

விலா தும்மலுக்கும் குத்துவதில்லை. உனக்கு முதுகுவலி என்று அப்பாவிடம் சொன்னாயாமே, நாற்காலிக்குத் தலையணை வைத்துக்கொள். நீங்கள் இருவரும் போனில் வெகுநேரம் பேசினீர்கள். அவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை, கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தார். நீ எழுதியதை நான் வாசித்துக் காட்டியபோதும் இப்படித்தான் போய் முகம் கழுவினார்.

போட்டி முடிந்தது. இரண்டரை மிதவை! மூன்றாவதைப் பாதி சுற்றியதற்கு அரை கொடுத்தார்கள். கயிறு தளரப் பார்த்தது, விட்டுவிட்டேன். கடைசியிலிருந்து இரண்டாவது இடம். எனக்கும் கீழே வந்தவர் விழுந்த ஸ்கீயைத் தேடிக்கொண்டிருந்தார். என் பிரிவில் ஒரு பல் டாக்டர் அம்மா, என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், ஆறையும் சுற்றிவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி வந்து தலையைத் துவட்டினார். "எப்படிங்க?" என்று கேட்டேன். "அவசரமே படக்கூடாது. பல்லு பிடுங்கற மாதிரிதான்" என்றார்.

அப்பா நாற்காலியைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார்.

அடுத்த மாதமும் ஏரியில் பழகலாம். தகவலுக்கு எழுதுகிறேன்.

அம்மா


நவம்பர் 21

அம்மா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். முதுகு தேவலை. நீ கட்டிக் கொடுத்த சாப்பாட்டைப் பாதி வழியிலேயே முடித்துவிட்டேன்.

போன சனிக்கிழமை ஏரியில் படகைவிட்டு இறங்கியதும் நான் ஒன்றும் பேசவில்லை. நீயும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. நம் வீட்டில் யார் கேட்பார்கள்? அதனால் நானாகவே எழுதிவிடுகிறேன்.

உனக்குத் தெரியும், பின்னால் பார்க்கிற சீட்டில் உட்கார்ந்துவிட்டுப் போகத்தான் வந்தேன். அலாரம் என்னைப் பார்த்ததும் ஓட்டுகிற இடத்திலிருந்து எழுந்து, பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். "நான் பின்னாடி பாத்துக்கறேன். நீ முன்னாடி பாரு" என்றார். என் வாழ்நாளில் அவர் கத்தாமல் பேசிக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஸ்டீயரிங் ஈரமாக இருந்தது. தண்ணீரா, என் கை வியர்வையா தெரியவில்லை.

நீ "போலாம்!" என்றாய். கயிறு விறைத்தது, நீ எழுந்தாய், உன் கனம் படகில் தெரிந்தது. கயிற்றில் ஆள் இருப்பது ஓட்டுகிறவளுக்கு முதுகில்தான் தெரியும். மூன்று வருஷமாக என் முதுகில் யாரும் இல்லை. முதல் தடவை நீ இரண்டு சுற்றினாய். அடுத்த தடவை மூன்று, நான்கு. அலாரம் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டே வந்தார், குரல் ஏறிக்கொண்டே போனது. ஐந்துக்குப் போகும்போது படகு லேசானது.

அந்த லேசு எனக்குத் தெரியும். என் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது, நான் விடவில்லை. முன்னால் பார்த்தேன். நேராக ஓட்டினேன். "விழுந்துட்டாங்க" என்றார். வேகத்தைக் குறைத்துப் படகைத் திருப்பினேன்.

விசாரணையில் யாரும் கேட்காத ஒன்று இருக்கிறது. விழுந்தவர், தனக்கு ஒன்றுமில்லை என்று காட்ட, கையைத் தலைக்கு மேல் தூக்கவேண்டும். ஏரியில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது. சின்னவன் விழுந்த அன்று நான் படகைத் திருப்பிக்கொண்டு வந்தபோது தண்ணீரில் அந்தக் கையைத்தான் தேடினேன். கிட்டே வந்த பிறகும் தேடினேன். அவன் எப்போதும் சோம்பேறித்தனமாக, மெதுவாகத்தான் தூக்குவான். 'தூக்குடா, தூக்குடா' என்று சொல்லிக்கொண்டே வந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அப்பாவிடம்கூட.

போன சனிக்கிழமை படகு பாதி திரும்பும்போதே உன் கை மேலே இருந்தது. அலாரம், "பாத்தாச்சு அக்கா, எறக்குங்க!" என்று பழையபடி கத்தினார். நீ இறக்கவில்லை. நான் மெதுவாகத்தான் வரமுடியும், அலை அடித்து உன்மேல் மோதக்கூடாது. அவ்வளவு தூரமும் நீ தூக்கியபடியே இருந்தாய். "கைய எறக்கும்மா, பாத்துட்டேன்" என்றேன். "வலிக்குதுடி, சீக்கிரம் வா" என்றாய். ஆனால் இறக்கவில்லை.

எஞ்சினை அணைத்துவிட்டு, குனிந்து அந்தக் கையைப் பிடித்தேன். அதற்குப் பிறகுதான் நீ அதை இறக்கினாய்.

அடுத்த மாதத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்பாவிடம் சொல்.

பாப்பா